நாற்பத்தாறு ஊர்ப் பட்டியல்

அத்தியாயம் 17

சங்கர் நாற்காலியில் உட்கார்ந்தான். கஸ்தூரி பக்கத்தில் நின்றாள்.

பதினாலு மாதமாக அந்த நாற்காலி அவளுடையது. பாளையம்பட்டி ரோட்டில் மாமனார் சின்னத்துரை நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில், அவள் புருஷன் மணிகண்டன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது வாங்கிப் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. கூட வந்த தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாக அடித்து அடித்து, அவளாகவே கற்றுக்கொண்டாள். இப்போது லிஸ்டு, லேபிள், லெட்டர் எதுவானாலும் நரிக்குடியிலிருந்துகூட ஆட்கள் பஸ்ஸேறி அவளைத் தேடித்தான் வந்தார்கள்.

அந்த நாற்காலிதான் போன வாரம் கை மாறியது. “விஜயதசமியிலருந்து மாப்ள கடையில உக்காருவாக. அதுக்குள்ள கஸ்தூரி எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திரணும்” என்று சாப்பாட்டு நேரத்தில் சின்னத்துரை சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்றால் மூத்த மகள் தங்கச்செல்வியின் புருஷன் சங்கர். மதுரையில் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போக, பெண்டாட்டியோடும் ட்ரங்குப் பெட்டியோடும் மாமனார் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

இன்று சரஸ்வதி பூஜை. ராகு காலம் கழிந்து பதினோரு மணிக்குச் சாமி கும்பிடுவார்கள். அதன்பின் பூஜையில் வைத்த எந்தச் சாமானையும், மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. அதற்குள் பாடமும் முடிய வேண்டும், திருச்சுழி கண் முகாமின் பட்டியலும் அச்சாகி வர வேண்டும்.

நாற்பத்தாறு ஊர்ப் பட்டியல். ஊருக்கு ஒரு ஃபைல். எந்த ஊரில் யார் யாருக்குக் கண் ஆபரேஷன், வேன் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. முகாம் கமிட்டிச் செயலாளர் ரத்தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு. நாளை விடிய ஐந்து மணிக்கு வேன்கள் கிளம்பிவிடும்.

“மூணு வருஷம் டிப்ளமா படிச்சவன் நான். எனக்கு ஆனா ஆவன்னா சொல்லாத” என்றான் சங்கர். “பிரிண்டு போட நீ எதை அமுக்குவ? அதை மட்டும் சொல்லு.”

“முகாம்னு அடிச்சு என்ட்டரை அமுக்குவேன் அண்ணே.”

“அம்புட்டுத்தானா?”

“அமுக்குறது அம்புட்டுத்தான். அதை எழுத எனக்கு எட்டு நாளாச்சு.”

ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் அடிக்க வேண்டிய கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி, அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டால் போதும். பேரை அடித்ததும் மிஷின் அந்த வரிகளைத் தானே செய்துகொண்டு போகும். பேட்ச் ஃபைல் என்பார்கள். கஸ்தூரி எழுதியது ஒன்பது வரி. அதைத் திரையில் காட்டினாள்.

“நீங்களா ஒண்ணு எழுதுனீகன்னா, மொத்தமா எழுதி ஓட்டிராதீக. ஒவ்வொரு வரியையும் தனியாக் கையால அடிச்சுப் பாருங்க. ஒத்தையில வேலை செய்யாத வரி கூட்டத்துல நின்னாலும் செய்யாது.”

“ம்.”

“அழிக்கிற வரின்னா இன்னும் ஒரு படி. டெல்னு போட வேண்டிய இடத்துல முதல்ல டிர்னு போட்டு ஓட்டுங்க. எதெது அதுல மாட்டும்னு பேரு வரும். அதைப் பாத்துட்டு, சரியா இருந்தா மட்டும் டெல்னு மாத்துங்க.”

“நீ சொல்லிக் குடுக்கிறியா, பயமுறுத்துறியா?”

“நான் பயந்துதான் கத்துக்கிட்டேன். போன வருஷம் மல்லாங்கிணறு டியூஷன்காரவுக மார்க் லிஸ்டு பூராத்தையும் ஒரே வரியில அழிச்சேன். திரும்ப உக்காந்து அடிக்க மூணு நாளாச்சு.”

“அதான் மாமா என்னைய உக்காரச் சொல்றாக” என்றான் சங்கர்.

கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லிக் கொடுக்கிற வேலை அவளுக்குப் பிடிக்கும். தன் இடத்தைப் பிடுங்க வந்தவனுக்கே சொல்லிக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் உறுத்தியது.

சங்கர் திரையில் விரல் வைத்தான். “இந்தா, இங்க என்னமோ பாஸ்னு போட்டிருக்க. இது என்னத்துக்கு?”

“அந்த இடத்துல மிஷின் நிக்கும். நாம எந்திரிச்சுப் போயி, நாப்பத்தாறு ஊரும் பேப்பர்ல வந்திருச்சான்னு பாக்கணும். வந்திருந்தா ஏதாச்சும் ஒரு சாவியை அமுக்கணும். அப்பறம் ஃபிளாப்பியில ஒரு காப்பி எடுத்துட்டு, திரும்ப நிக்கும். காப்பி விழுந்திருச்சான்னு பாத்து அமுக்கினா, ஹார்டு டிஸ்க்கில இருக்கிறதை அழிச்சு அடுத்த முகாமுக்கு எடத்தைக் காலி பண்ணும்.”

“தானா நடக்கணும்னுதான இம்புட்டும்? இது பிச்சைக்காரன் கணக்கா வாசலுக்கு வாசல் நின்னு கேக்குது.”

“எதைத் தானா விடணும், எங்க நின்னு கேக்கணும்னு தெரியுறதுதாண்ணே பாடமே.”

“பெரிய பாடம்!”

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. தங்கச்செல்வி இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஏத்தா கஸ்தூரி, சுண்டலுக்குத் தேங்கா திருவ ஆளில்ல. நீ இங்க எம் புருஷனுக்கு வாத்தியார் வேலை பாக்குற.”

“பிரிண்டு ஓடி முடியட்டும் மதினி, வந்திர்றேன்.”

“நீ நின்னாத்தான் ஓடுமோ? அவுக என்ன கைநாட்டா? எந்திரி... ஓ, நின்னுக்கிட்டுத்தான் இருக்கியா? நல்லதாப் போச்சு, அப்பிடியே நட.”

சங்கர் சிரித்தான்.

மணி பத்து. கஸ்தூரி கிளம்பும்போது சொன்னாள்: “பிரிண்டர்ல இருக்கிற பேப்பர் ரெண்டு மூணு ஊருக்குத்தான் வரும். மேசைக்கு அடியில புதுக் கட்டு இருக்கு. தீந்ததும் மாட்டிக்கோங்க. ரெண்டு எடத்துல நிக்கும், பாத்து அமுக்குங்க.”

“போ, போ. தேங்கா காயுது.”

---

பூஜைக்கு எல்லாம் வரிசையாக இருந்தது. ஏழு டைப்ரைட்டர்களுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பேப்பர் வெட்டும் கத்திக்கும் பொட்டு. அணைந்திருந்த கம்ப்யூட்டரின் தலையில் மஞ்சள் துணி போர்த்தி, நெற்றியில் மூன்று விரல் பட்டை இழுத்திருந்தார் சின்னத்துரை. அச்சான பட்டியலை மஞ்சள் பையில் சுற்றி வாழை இலையின் மேல் வைத்திருந்தார்கள். பை மெலிந்திருந்தது.

சுண்டல் தட்டோடு வந்த கஸ்தூரியின் கண், பையைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த ஃபிளாப்பியில் போய் நின்றது.

கறுப்புச் சதுரம். அதன் உறையில் ஒரு நீள ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் தட்டு அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று வெளியே தெரியும். மிஷின் அதில்தான் எழுதும், அதிலிருந்துதான் படிக்கும். விரல்கூடப் படக் கூடாத அந்த இடத்தில், நாலணா அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

“மாமா... இதுல யாரு பொட்டு வச்சது?”

“நான்தான். எல்லாத்துக்கும் வைக்கிறோம், அதை மட்டும் விட்டா எப்பிடி? அந்த எடந்தான் நெத்தி கணக்கா இருந்துச்சு.” சின்னத்துரை சூடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நேற்று அவள் எடுத்து வைத்த காப்பி அதில்தான் இருந்தது. வேறு காப்பி இல்லை. ஒன்று போதும் என்று இருந்தது தன் தப்பு என்று அவளுக்கு அந்த நிமிஷமே உறைத்தது.

“எப்ப எடுத்தீக மாமா இதை?”

“குளிச்சுட்டு வந்ததும். பத்து மணி இருக்கும். ஏன்?”

கஸ்தூரி சங்கரைப் பார்த்தாள். “அண்ணே, ஃபிளாப்பியில காப்பி விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“ரெண்டு எடத்துலயும் நின்னுச்சா?”

“நின்னுச்சுன்னேன்ல! சாமி கும்புடுற நேரத்துல கேள்வி.”

பத்து மணிக்கே மாமனார் கைக்குப் போய்விட்ட ஃபிளாப்பியில் எப்படிக் காப்பி விழும்? தங்கச்செல்வி மணி அடித்தாள். சூடம் எரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கஸ்தூரி கைகூப்பி நின்றாள். வாய் மந்திரம் எதையும் சொல்லவில்லை. இனி நாளை வரைக்கும் அந்தப் பையையோ மிஷினையோ அவள் தொட முடியாது.

---

ரத்தினம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலில் நின்ற ஜீப்பின் முன்பக்கம் வாழைக்கன்று கட்டியிருந்தது. பேப்பர்தானே, எடுத்துக் கொடுத்தால் தோஷமில்லை என்று சின்னத்துரையே மஞ்சள் பையை எடுத்து நீட்டினார்.

ரத்தினம் பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பையை உதறினார்.

“மூணு ஊருதான் இருக்கு அண்ணாச்சி. பாக்கி நாப்பத்தி மூணு?”

சங்கர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தான்.

“மிஷின் பூஜையில இருக்கு ரத்தினம்” என்றார் சின்னத்துரை. “நாளைக் காலையில மறுபூஜை ஆனதும் ஏழு மணிக்கெல்லாம் போட்டுத் தந்திர்றோம்.”

“அஞ்சு மணிக்கு வேன் கெளம்பிரும் அண்ணாச்சி. எந்த ஊர்ல எந்த எடத்துல நிக்கணும்னு டிரைவருக்கு யாரு சொல்லுவா? எல்லாம் கண்ணு தெரியாத ஆளுக. இருட்டுல வந்து ரோட்டுல நிப்பாக. வேன் பாட்டுக்குத் தாண்டிப் போயிரும்.”

கஸ்தூரி முன்னால் போனாள். மிஷின் மேல் இருந்த மஞ்சள் துணியை எடுத்து மடித்து வைத்தாள். சுவிட்சில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். மிஷின் உறுமிக்கொண்டு எழுந்தது.

“அய்யய்யோ! பூஜையில இருக்கிறதைத் தொட்டுட்டா!” தங்கச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, பாத்துக்கிட்டு நிக்கிறீகளே! இந்தக் குடும்பம் வெளங்குமா?”

“கஸ்தூரி!” என்றார் சின்னத்துரை.

“பாவம் எனக்கு வரட்டும் மாமா.” அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து டிர் என்று அடித்தாள். ஒரு பட்டியல்கூட இல்லை. நாற்பத்தாறும் போயிருந்தன.

“பாத்தீகளா மாமா!” சங்கருக்கு இப்போதுதான் குரல் வந்தது. “அவ எழுதுனதுதான அழிச்சிருக்கு? நான் மாட்டிக்கணும்னே எழுதி வச்சிருக்கா. நாளைக்கு நான் உக்காரக் கூடாதுல்ல!”

கஸ்தூரி முகாம் ஃபைலைத் திறந்து வரிகளை எண்ணினாள். ஏழு. இரண்டு பாஸையும் சங்கர் எடுத்துவிட்டிருக்கிறான். நடந்தது முழுதும் அவள் கண்முன் ஓடியது. மூன்றாவது ஊரோடு பேப்பர் தீர்ந்திருக்கிறது. விடவா, திரும்பச் செய்யவா என்று மிஷின் ஒவ்வொரு ஊருக்கும் கேட்டிருக்கிறது. விடு, விடு என்று அமுக்கியிருக்கிறான். ஃபிளாப்பி இல்லையே என்று கேட்டதற்கும் அதே பதில்தான். நிறுத்திக் கேட்க வேண்டிய இரண்டு இடத்திலும் கேட்க ஆளில்லாமல், மிஷின் கடைசி வரிக்கு வந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறது. அச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து இவன் அணைத்திருக்கிறான்.

“மாமா, இங்க வாங்க. இந்த ஃபைலைக் கடைசியா மாத்துன நேரத்தை மிஷினே போட்டிருக்கு, பாருங்க. பத்து மணி பன்னெண்டு நிமிசம். அப்ப நான் எங்க இருந்தேன்னு மதினியைக் கேளுங்க.”

பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை கஸ்தூரியை எழுந்திருக்க விடாமல் தேங்காய் திருவ வைத்தது தங்கச்செல்விதான்.

சின்னத்துரை குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“அழிஞ்சது அழிஞ்சதுதானா யம்மா?” என்றார் ரத்தினம்.

“இல்ல. பொட்டு வச்சதுல காப்பி இருந்த ஃபிளாப்பி கெட்டுப்போச்சு. ஆனா அழிக்கச் சொன்னா மிஷின் பேரோட முதல் எழுத்தை எடுத்துட்டு, அந்த எடம் காலின்னு குறிச்சுக்கிரும். உள்ள இருக்கிறது அப்பிடியேதான் கெடக்கும். அது மேல வேற எதையும் எழுதாத வரைக்கும் மீட்டிரலாம்.” விசைப் பலகை பக்கம் வந்த சங்கரின் கையை அவள் பார்த்தாள். “யாரும் இதுல ஒரு எழுத்துகூட அடிக்காதீக.”

அவள் மீட்கும் கட்டளையைக் கொடுத்தாள். தலை போன பேர் ஒன்று திரையில் வந்து, முதல் எழுத்து என்ன என்று கேட்டது. கொடுத்தாள். பாளையம்பட்டி திரும்பி வந்தது. அடுத்தது நரிக்குடி. நாற்பத்தாறு ஃபைல் பேரும் அவளே வைத்தவை. ஒன்றுக்கும் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து. ரத்தினம் பின்னால் நின்று ஊர்களை எண்ணினார்.

இருபத்து மூன்றாவது ஊர் வந்தபோது அவர் சின்னத்துரை பக்கம் திரும்பினார். “என்ன அண்ணாச்சி நடந்துச்சு? கமிட்டியில நான் பதில் சொல்லணும்ல?”

சின்னத்துரை தொண்டையைக் கனைத்தார். ஊரில் முப்பது வருஷம் மாஸ்டர் என்று பேர் எடுத்தவர். மாப்பிள்ளை நிற்கிறான், மகள் நிற்கிறாள், வெளி ஆள் நிற்கிறார்.

“எம் மருமக தப்புத்தான் ரத்தினம். வெவரம் பத்தாத பிள்ளை. நாளையிலருந்து மாப்ள உக்காருவாக. இப்பிடி நடக்காது.”

கஸ்தூரியின் விரல் நின்றது. திரையில் அடுத்த ஊர் முதல் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சங்கர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்கண்ணே.”

“என்னது?”

“வெவரம் பத்தாதவ தொடக் கூடாது. மூணு வருஷம் படிச்சவுக நீங்க. முடிங்க.”

அவன் மாமனாரைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். விரலைத் தூக்கினான். விரல் அந்தரத்தில் நின்றது. திரையில் இருந்த தலையில்லாத பேர் எந்த ஊருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“தப்பா அமுக்கிட்டா என்ன ஆகும்?” என்று ரத்தினம் கேட்டார்.

“அவுகளைக் கேளுங்க” என்றாள் கஸ்தூரி.

பக்கத்து லேத் பட்டறையில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

“கஸ்தூரி, உக்காரு” என்றார் சின்னத்துரை.

“மாட்டேன் மாமா.”

“ஆளுக கண்ணு தெரியாம ரோட்டுல நிக்கப் போறாக. இப்பப் போயி வீம்பா?”

“அவுகளுக்காகத்தான் பூஜையில இருந்ததைத் தொட்டேன். இவுககிட்ட யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க. உக்காருறேன்.”

“வீட்டு விசயம் வீட்டோட பேசிக்கிருவோம்.”

“வெளி ஆளுகிட்டச் சொன்னது நீங்க. வெளி ஆளுகிட்டயே மாத்திச் சொல்லுங்க.”

தங்கச்செல்வி பாய்ந்து வந்தாள். “மாமனார்கிட்டப் பேசுற பேச்சா இது? யாரு குடுத்த எடம்டி?”

சின்னத்துரை கையைத் தூக்கி மகளை அடக்கினார். அவர் ரத்தினத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மாப்ள செஞ்சது.” பிறகு, யாரும் கேட்காமலே, “காப்பி இருந்ததுல பொட்டு வச்சுக் கெடுத்தது நான்.”

சங்கர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “மச்சானுக்குப் போன் போடுறேன். அவன் பொண்டாட்டி இங்க ஆடுற ஆட்டம் மஸ்கட்டு வரைக்கும் தெரியட்டும்.” செருப்பை மாட்டியும் மாட்டாமலும், எஸ்.டி.டி. பூத் இருக்கும் தெருமுக்குப் பக்கம் நடந்தான்.

“எம் புருஷன் மானத்தை மிஷின்ல போட்டுப் பிரிண்டு எடுத்திட்டீல்ல? நல்லா இரு!” என்றாள் தங்கச்செல்வி. தகப்பனைப் பார்த்தாள். “இனி இந்த வீட்டுத் தண்ணி எங்களுக்கு வேணாம்.”

மாடிப்படியில் அவள் கால் சத்தம் ஏறியது. சற்று நேரத்தில் மேலே ட்ரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுக்கும் ஓசை கேட்டது. ரத்தினம், ஜீப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சின்னத்துரை மேலே பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“இப்ப ஒனக்கு மனசு குளுந்திருச்சா?”

கஸ்தூரி விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தாள். திரை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எழுத்தை அமுக்கினாள்.

“இன்னும் இருபத்தி ரெண்டு ஊரு இருக்கு மாமா. மேசைக்கு அடியில இருக்கிற பேப்பர் கட்டை எடுங்க.”